தோட்டத்துப் பாட்டுக்குக் காது கொடுத்தவர்: சி.வி. வேலுப்பிள்ளை

1947ஆம் ஆண்டு நடந்த இலங்கையின் முதலாவது நாடாளுமன்றத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் ஏழு பேர் வென்றார்கள். தலவாக்கலைத் தொகுதியில் வென்றவர் சி.வி. வேலுப்பிள்ளை. அவரை அரசியல்வாதியாகவும் 'வீடற்றவன்' நாவலை எழுதியவராகவும் பலர் அறிவார்கள். ஆனால் இன்று நினைத்துப் பார்க்கும்போது, அவர் சத்தமில்லாமல் செய்த இன்னொரு வேலை பெரிதாகத் தெரிகிறது. லயங்களிலும் கொழுந்து மலைகளிலும் ஜனங்கள் பாடிய பாட்டுகளைக் கேட்டு எழுதி வைத்தார்.

1914ஆம் ஆண்டு வட்டக்கொடைக்கு அருகே மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தவர் அவர். கங்காணி குடும்பத்துப் பிள்ளை என்பதால் படிப்பு கிடைத்தது. கொழும்பு நாலந்தாக் கல்லூரி வரை போய் ஆங்கிலத்தில் எழுதும் அளவுக்குத் தேறினார். 1934இல் இரவீந்திரநாத் தாகூர் இலங்கைக்கு வந்தபோது, தான் ஆங்கிலத்தில் எழுதிய இசை நாடகம் ஒன்றை அவரிடம் கொடுத்தார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அந்தக் காலத்தில் அவ்வளவு ஆங்கிலம் தெரிந்த தோட்டத்துப் பிள்ளைக்கு லயத்தை மறந்துவிடுவது சுலபமான வழியாக இருந்திருக்கும். அவர் அந்த வழியில் போகவில்லை. தொழிற்சங்கப் பணிக்காகத் தோட்டம் தோட்டமாகப் போனார். கூட்டம் பேசப் போன இடங்களில் பாட்டையும் கேட்டார்.

ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவிலும் இதே வேலை நடந்துகொண்டிருந்தது. 1933இல் ஜோன் லோமக்ஸும் அவருடைய மகன் அலன் லோமக்ஸும் ஒலிப்பதிவுக் கருவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு தென் மாநிலங்களுக்குப் போனார்கள். லூசியானாவின் அங்கோலா சிறையில் லெட் பெல்லி என்ற கைதி பாடியதைப் பதிந்தார்கள். 1941இல் மிசிசிப்பியின் ஸ்டோவல் பருத்தித் தோட்டத்தில், பின்னாளில் மடி வாட்டர்ஸ் என்று உலகம் அறிந்த தொழிலாளியின் பாட்டு பதிவானது. இரண்டு வருடங்களில் அவர் சிக்காகோவுக்குப் போனார். அங்கே அவர் மின்கிற்றாரில் வாசித்த புளூஸ் பின்னர் ரொக் இசைக்கே அடித்தளமானது. லோமக்ஸ்களுக்குப் பின்னால் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இருந்தது. வேலுப்பிள்ளைக்குப் பின்னால் எந்த அரச நூலகமும் இல்லை.

இரண்டு இடத்துப் பாட்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால் உறவு புரியும். பருத்திக்காட்டில் ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். அந்தத் தாளத்தில் கைகள் ஒன்றாக அசையும். நமது கும்மியும் கோலாட்டமும் அதே அமைப்பில் நடப்பவைதான். புளூஸில் முதல் அடியைத் திரும்பச் சொல்லி மூன்றாவது அடியில் விசயத்தை உடைப்பார்கள். நமது ஒப்பாரியும் ஒரே விளிப்பைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் துக்கத்தை இறக்குகிறது. வேலையாட்களை அதட்டுபவனை நேரே ஏச முடியாத இடத்தில் பாட்டுக்குள் வைத்து ஏசுவதும் இரண்டு இடத்திலும் உண்டு. விடியற்காலையில் பெரட்டுக்குக் கூப்பிடும் தப்புச் சத்தம், அரைப்பேர் போடும் கங்காணி, குதிரையேறி வரும் துரை எல்லாம் தெம்மாங்கில் வந்து போகும்.

பாட்டை வைத்தே காலத்தையும் அறியலாம். பழைய பாட்டுகள் கண்டிச் சீமைக்கு நடந்து வந்த வழியைச் சொல்கின்றன. மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தவர்களில் எத்தனையோ பேர் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தார்கள். அது கோப்பிக் காலம். அதன் பிறகு தேயிலை வந்தது, பாட்டில் கொழுந்துக் கூடையும் வந்தது. 1940இல் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள், இலங்கையில் இந்தியர் நிலைமை பற்றிய பாட்டுப் புத்தகம் ஒன்றை வெளியிட்டார். ஜனங்களுக்கு முன்பே தெரிந்த மெட்டுகளில் புதிய சொற்களைப் போட்டுக் கூட்டங்களில் பாடினார். அமெரிக்காவில் ஜோ ஹில் என்ற தொழிலாளர் பாடகர் தேவாலயப் பாட்டு மெட்டுகளில் வேலைநிறுத்தப் பாட்டுகளைக் கட்டியதும் இதே உத்திதான். எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் மெட்டு தெரியும் அல்லவா?

வேலுப்பிள்ளை நாடாளுமன்றத்துக்குள் போன மறு வருடமே, 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அவரைத் தெரிவு செய்த தோட்டத்து ஜனங்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள், வாக்கும் பறிபோனது. 1952 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸால் ஓர் ஆசனத்தைக்கூடப் பெற முடியவில்லை. பேச மேடை இல்லாமல் போன பிறகு அவர் எழுத்தில் இன்னும் ஊன்றினார். 'இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே' என்று பொருள்படும் அவரது ஆங்கில நெடுங்கவிதையைச் சக்தீ பால ஐயா தமிழுக்குக் கொண்டுவந்தார். தப்பு ஒலியும் லயத்து வாழ்வும் அந்தக் கவிதைக்குள் வந்தது, அவர் காது கொடுத்துக் கேட்டிருந்ததால்தான்.

1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 300,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கொடுப்பது, 150,000 பேரின் விதியைப் பிறகு பார்ப்பது என்று இரண்டு அரசுகளும் கணக்குப் போட்டன. ஜனங்களிடம் யாரும் கேட்கவில்லை. மலைநாட்டு இரயில் நிலையங்களில் தலைமன்னாருக்குப் போகும் கோச்சி நின்றபோது, உயிரோடு இருப்பவர்களுக்கே ஒப்பாரி வைத்தார்கள். ஒரே குடும்பத்தில் ஒருவர் போக, ஒருவர் நிற்க வேண்டியதாயிற்று. பாட்டுச் சொன்ன கிழவிகள் கப்பலேறினார்கள், கேட்டுப் பழகிய பேத்திகள் இங்கே நின்றார்கள்.

போகாதவர்களுக்கும் நிம்மதி இருக்கவில்லை. 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களுக்குத் தப்பி மலையகக் குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறின. பிறகு அந்த மண்ணிலும் யுத்தம் வந்தது. 2009 வரை ஓடி ஓடி இடம்பெயர்ந்தவர்களில் தேயிலைத் தோட்டத்திலிருந்து போனவர்களும் இருந்தார்கள். உறுதிப் பத்திரம், அடையாள அட்டை, பிள்ளைகளின் படங்கள் எல்லாம் பங்கருக்குள்ளும் கடற்கரையிலும் தொலைந்தன. கையில் தூக்கிப் போகத் தேவையில்லாத சொத்து பாட்டு மட்டுமே. அதைத் தெரிந்தவர் இறந்தால் அதுவும் அவரோடு போய்விடும்.

வேலுப்பிள்ளை 1984 நவம்பரில், கறுப்பு ஜூலை நடந்து ஒன்றரை வருடம்கூட முடியாத நிலையில் காலமானார். அவர் திரட்டிய 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' அவர் மறைந்த பிறகு, 1987இல்தான் நூலாக வந்தது. நாடற்றவர் என்று எழுதப்பட்ட ஒரு சமூகத்துக்கு அது பிறப்புச் சாட்சிப் பத்திரம் போன்றது. எந்த வழியே வந்தோம், யாருக்கு உழைத்தோம், யாரை இழந்தோம் என்பதற்கு அதில் சாட்சி இருக்கிறது.

ஆனால் புத்தகத்தில் இறங்கியவை சொற்கள்தான். எந்த இடத்தில் குரலை இழுப்பது, எங்கே மூச்சு விடுவது, தப்பு எந்த அடியில் சேர்வது என்பதெல்லாம் இன்னும் சில முதியவர்களின் தொண்டையில் மட்டுமே இருக்கிறது. லெட் பெல்லியின் குரலை இன்று ஹற்றனில் இருந்தபடியே தொலைபேசியில் கேட்கலாம். அதே தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யும் வசதியும் இருக்கிறது. வேலுப்பிள்ளை பேனாவால் தொடங்கிய வேலையில் மீதி இருப்பதை, அம்மாயி தூங்கப் போகுமுன் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாமே செய்யலாம்.