வசையை வென்ற வால்டர் டல்

ஆடுகளம் ஆற்றலை அளக்கும் இடம். நிறத்தை அளக்கும் இடமன்று. இவ்வுண்மையைத் தம் வாழ்வால் உணர்த்திய வால்டர் டல் என்பாரை ஈண்டு நினைவுகூர்கிறோம்.

இவர் 1888ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை பார்படோஸ் தீவிலிருந்து குடியேறிய தச்சர். தாய் ஆங்கிலேயப் பெண்மணி. பத்து வயது நிரம்புமுன் இருவரையும் இழந்து, இலண்டன் அநாதை இல்லமொன்றில் வளர்ந்தார். கால்பந்தாட்டத்தில் தேர்ந்த இவரை 1909இல் டாட்டன்ஹாம் அணி சேர்த்துக்கொண்டது. அவ்வாண்டு பிரிஸ்டல் நகரில் நடந்த ஆட்டத்தில், பார்வையாளருள் ஒரு சாரார் இவர்தம் நிறத்தைச் சுட்டி இழிசொற்களைப் பொழிந்தனர். இவரோ ஆட்டத்தாலேயே விடையிறுத்தார். முன்கள வீரருள் சிறந்தவர் இவரே என நாளிதழ் ஒன்று பாராட்டியது. ஆயினும் விரைவில் முதன்மை அணியில் இடமிழந்தவரும் இவரே!

1911இல் நார்த்தாம்ப்டன் அணியில் சேர்ந்து நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். முதல் உலகப் போரின்போது படையில் சேர்ந்தார். ஐரோப்பியக் குருதி அல்லாதார் அதிகாரியாவதைப் படைவிதிகள் தடுத்தும், 1917இல் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். 1918 மார்ச் 25இல் பிரான்சுப் போர்க்களத்தில் வீழ்ந்தார். உடல் கிடைக்கவில்லை, அராஸ் நினைவுச் சின்னத்தில் பெயர் மட்டும் நிலைத்துள்ளது.

பாங்கொலிக்கும் மாண்பினைக் கருநிறத்தவரான பிலால் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த வரலாற்றை நாம் அறிவோம். அறிந்த நாம், அருகிருப்போர் ஒருவரை நிறத்தாலோ குலத்தாலோ இழித்துரைக்கும்போது வாய்மூடியிருத்தல் தகுமோ? டல் பொறுத்தது அவர்தம் பெருமை. கேட்டிருந்தோர் பொறுத்தது அவர்கள்தம் சிறுமை.