ஓரெழுத்தின் அருமை உணர்ந்த வீரமாமுனிவர்

சாயப்பட்டறைகள் மலிந்த நம் திருப்பூரில் ‘டையிங்’ என்னும் ஆங்கிலச் சொல்லை அறியாதார் இலர். சாயமேற்றுதல் என்பது அதன் பொருள். இறத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதே ஓசை உடையதே. எழுதும்போது நடுவே வரும் ‘ஈ’ என்னும் ஓரெழுத்துத்தான் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. அதை விட்டுவிட்டால், சாயமேற்றுபவர் சாகின்றவராகி விடுவார்!

இதைப் போன்ற மயக்கம் ஒருகாலத்தில் நம் தமிழ் எழுத்திலும் இருந்தது. அதைப் போக்கியவர் வீரமாமுனிவர்.

இவர் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இத்தாலி நாட்டில் பிறந்தார். இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. இயேசு சபையில் சேர்ந்து துறவியானார். 1710இல் கோவா வந்து, பின் தமிழகம் அடைந்தார். புலவர்களை அடுத்துத் தமிழை ஐயமறக் கற்றார்.

அக்காலத்தில் நூல்கள் ஓலைச்சுவடிகளில் இருந்தன. எகர ஒகரக் குறில்களுக்கு மேலே புள்ளி வைக்க வேண்டும். நெடிலுக்குப் புள்ளி இல்லை. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதுவோர் அதை விட்டுவிடுவர். அதனால் ‘எரி’யும் ‘ஏரி’யும் ஒன்றுபோல் தோன்றின. ஒருவர் கொடுத்தது ‘கொடி’யா, ‘கோடி’யா என்பதை இடம் நோக்கியே உணர வேண்டும். தாய்மொழியாளருக்கு இது பழக்கம். புதிதாய்க் கற்பவருக்கோ பெருந்தொல்லை.

முனிவர் இதற்கு எளிய வழி கண்டார். எகரத்தின் கீழே ஒரு கோடு இழுத்து ‘ஏ’ ஆக்கினார். ஒகரத்தின் கீழே சுழித்து ‘ஓ’ ஆக்கினார். நெடிலுக்கு இரட்டைக் கொம்பும் தந்தார். இன்று நாம் எழுதுவது அவ்வாறே.

சொற்களின் மீதும் அவருக்குத் தீராத பற்று. 1732இல் அவர் இயற்றிய சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவுகளை உடையது. ஒரு சொல்லின் பல பொருள்களைப் பெயரகராதியிலும், ஒரு பொருள் குறித்த பல சொற்களைப் பொருளகராதியிலும் காணலாம். எதுகையால் ஒத்து ஒலிக்கும் சொற்களைத் தொடையகராதி வரிசைப்படுத்தித் தருகிறது.

புனித சூசையப்பரின் வரலாற்றைத் தேம்பாவணி என்னும் காப்பியமாகப் பாடியவரும், பரமார்த்த குரு கதையால் நம்மைச் சிரிக்க வைப்பவரும் இவரே. 1747இல் மறைந்தார். 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் இவருக்குச் சிலை எழுப்பப்பட்டது.

தோழியரே, கடல் கடந்து வந்த ஒருவர் நம் மொழியின் ஒரு புள்ளிக்காக அத்தனை கவலைப்பட்டார். தமிழாயினும் ஆங்கிலமாயினும், எழுதியதை ஒருமுறை திரும்பப் படித்துப் பார்ப்பது நமக்கு அரிதாகுமோ?