மாத்திரை டப்பாவுக்குள் ஒரு மனிதர்
(டாக்டர் எல்லாப்பிரகடா சுப்பாராவ் வாழ்க்கைக் குறிப்பு)

சந்திப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டபோது, என் வேலையைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆஸ்பத்திரி லேப்களில் ரத்தம் சோதிக்கும் கருவிகளைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. ஆனால் அந்தக் கருவிகளே என்னை ஒரு மனிதரிடம் கொண்டுபோய் விட்டன.

கே.ஜி.கண்டிகை பஸ் ஸ்டாப்பில் நின்று நம்ம பக்கத்துப் பெரிய மனிதர் யார் என்று கேட்டால், எல்லோரும் திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனைச் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதே பழைய சென்னை ராஜதானியில், அவருக்கு ஏழு வருடம் கழித்துப் பிறந்த இன்னொரு தெலுங்குப் பிள்ளையை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் ரொம்ப நாள் தெரியாது. தெரிய வைத்தது என் அக்காவின் மாத்திரை டப்பா.

அக்காவுக்கு முடக்குவாதம். வாரத்தில் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட், வேறொரு நாள் ஃபோலிக் அமிலம். முதல் மாத்திரை உடம்பில் ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கிறது. அதனால் வரும் வாய்ப்புண் போன்ற தொல்லைகளை இரண்டாவது மாத்திரை குறைக்கிறது. ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டு மருந்துகளின் பின்னாலும் ஒரே மனிதர் நடத்திய ஆய்வுக்கூடம் இருந்தது என்று படித்த அன்று, அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் முறை தேறியவர்

சுப்பாராவ் 1895 ஜனவரி 12-ஆம் தேதி கோதாவரிப் பக்கம் பீமவரத்தில் பிறந்தார். ஏழ்மையான பெரிய குடும்பம். சிறு வயதிலேயே படிப்பை விட்டு, காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகலாம் என்று வீட்டை விட்டு ஓடினார். அம்மா பிடித்து இழுத்து வந்து மறுபடி பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார். மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை தோல்வி. சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாம் முறைதான் தேறினார். அரியர் வைத்திருக்கும் தம்பி தங்கைகள் இந்த வரியை அடிக்கோடு போட்டுக்கொள்ளலாம். நானும் மூன்றாம் செமஸ்டரில் அரியர் வைத்தவன்தான்!

பிறகு மாநிலக் கல்லூரி. அது முடிந்ததும் ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாகப் போகிறேன் என்றார், அம்மா விடவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1919-இல் சேஷகிரி அம்மாளோடு திருமணம். மாமனார் படிப்புக்கு உதவினார்.

காந்தியின் அழைப்பைக் கேட்டு இவர் ஆபரேஷன் அறைக்கே கதர் அங்கி போட்டுப் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வை நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக் கொடுக்கப் போனார்.

வீட்டுக்குள் வந்த நோய்

இதற்கிடையில் வீட்டில் இடி விழுந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேரை ஸ்புரூ என்ற வயிற்று நோய் அடுத்தடுத்துக் கொண்டுபோனது. இந்த நோய் வந்தால் சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. குடல் சத்தை உறிஞ்ச மறுக்கும், பேதி நிற்காது, ரத்தம் சுண்டி ஆள் கரைந்துபோவார். சுப்பாராவுக்கும் அதே நோய் வந்தது. ஆயுர்வேத சிகிச்சையில் பிழைத்தார். தின்ற சோறு ஏன் உடம்பில் சேரவில்லை என்ற கேள்வி அப்புறம் அவரை விடவே இல்லை.

காக்கிநாடாவில் இருந்த ஒரு தர்மஸ்தாபனமும் மாமனாரும் பணம் கொடுத்தார்கள். 1922 அக்டோபரில் பாஸ்டன் போய் இறங்கினார். இந்தியப் பட்டத்தை வைத்து அங்கே டாக்டர் வேலை பார்க்க முடியாது. ஒரு ஆஸ்பத்திரியில் இரவு நேரக் கடைநிலை ஊழியராக, நோயாளிகளின் மலச்சட்டி கழுவிக்கொண்டு ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் படித்தார்.

நீல நிறத்தில் ஒரு அளவுகோல்

ஹார்வர்டு உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து 1925-இல் ஒரு முறையை வெளியிட்டார். ரத்தத்திலோ சிறுநீரிலோ பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறை. மாலிப்டேட் உப்பைச் சேர்த்துத் தக்க ரசாயனம் விட்டால் கரைசல் நீலமாகும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ பாஸ்பரஸ் அவ்வளவு. இன்றைக்கும் ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்றே பெயர்.

அன்றைக்கு அந்த நீலத்தைக் கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இன்று நான் சர்வீஸ் செய்யும் கருவியில் கண்ணுக்குப் பதில் சிலிக்கான் போட்டோடையோடு இருக்கிறது. அடுத்த கட்டமாக, தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய செமிகண்டக்டர் நானோ கம்பிகளை வைத்து ஒரு துளி ரத்தத்திலேயே கண்டுபிடிக்கும் உணரிகளுக்கு ஆராய்ச்சி நடக்கிறது. கண் மாறலாம், அளந்து பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்ற ஒழுக்கம் மாறாது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு இருவரும் தசைக்குள் தேடினார்கள். 1927-இல் பாஸ்போகிரியேட்டின், 1929-இல் ஏ.டி.பி. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் சக்திக்குச் சில்லறைக் காசாகப் புழங்கும் பொருள் ஏ.டி.பி. அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமான் என்பவரும் தனியாக அதைக் கண்டுபிடித்தார் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 1930-இல் சுப்பாராவ் பிஎச்.டி. வாங்கினார். இவ்வளவு செய்தும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தர வேலை கொடுக்கவில்லை.

கீரையில் இருந்த பதில்

1940-இல் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். அங்கே ஆராய்ச்சித் தலைவர் ஆனார்.

அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பே, பம்பாயில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வந்த ரத்தசோகை ஈஸ்ட் சாறு கொடுத்தால் தீருகிறது என்று லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் காட்டியிருந்தார். உணவில் ஏதோ ஒன்று குறைகிறது. அது என்ன என்றுதான் தெரியவில்லை. 1941-இல் அமெரிக்காவில் வேறொரு குழு பசலைக்கீரையில் இருந்து ஒரு சத்தைப் பிரித்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் இருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தது. 1945-இல் சுப்பாராவின் குழு அதை ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்துக் காட்டியது. கொஞ்ச நாளில், வெப்பமண்டல ஸ்புரூ நோயாளிகளின் ரத்தசோகையை அது தீர்ப்பதையும் டாக்டர்கள் பார்த்தார்கள். சகோதரர்களைக் கொண்டுபோன நோய்க்கு மருந்து வந்துவிட்டது. இருபது வருடத்துக்கு மேல் தாமதம், அவ்வளவுதான்.

அதோடு நிற்கவில்லை. ஃபோலிக் அமிலத்தைப் போலவே இருந்து அதன் வேலையைக் கெடுக்கும் பொருட்களையும் அந்தக் குழு செய்தது. அவற்றில் ஒன்றான அமினாப்டெரினை வாங்கி, ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குப் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் கொடுத்தார். நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948-இல் வெளியான அந்த முடிவுதான் இன்றைய கீமோதெரபிக்கு ஒரு தொடக்கம். மெத்தோட்ரெக்ஸேட் அதே குடும்பம். யானைக்கால் நோய்க்கு டி.இ.சி., முதல் டெட்ராசைக்ளினான ஆரியோமைசின் ஆகியவையும் அவர் தலைமை வகித்த கூடத்தில் இருந்து வந்தவையே. நம் தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் வீடு வீடாக வந்து கொடுத்த டி.இ.சி. மாத்திரையை நம்மில் பலர் விழுங்கியிருப்போம். பெயர்தான் தெரியாது.

தெரியாமல் போனதற்கு அவரும் ஒரு காரணம். கட்டுரைகளில் பல பெயர்களுக்கு நடுவே ஒரு பெயராக இருந்துகொண்டார். மேடை ஏறியவர்கள் மற்றவர்கள்.

திரும்பாத பயணம்

1948 ஆகஸ்ட் 8 இரவு தூங்கப் போனவர், தூக்கத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார். வயது 53. நாடு விடுதலை அடைந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1922-க்குப் பிறகு அவர் ஊர் திரும்பவே இல்லை. சேஷகிரி அம்மாள் கணவரை மறுபடி பார்க்கவே இல்லை. மேதையின் வாழ்க்கையைப் புகழும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். 1995-இல் நூற்றாண்டுக்கு இந்திய அரசு தபால் தலை வெளியிட்டது.

மாணவத் தம்பி தங்கைகளே, உங்கள் வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால் பி.எச்.சி.யில் தரும் இரும்புச்சத்து மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஃபோலிக் அமிலம் என்று இருக்கும். கருத்தரிக்கும் முன்பே அதைச் சாப்பிட்டால் குழந்தைக்கு முதுகுத்தண்டுக் குறை வரும் ஆபத்து வெகுவாகக் குறைகிறது என்று 1991-இல் பெரிய ஆய்வு ஒன்று நிரூபித்தது. மாத்திரையோடு கீரையையும் மறக்க வேண்டாம்.

பழைய நண்பர்களே, நமக்குத் திரும்பி வர ஒரு கல்லூரி இருக்கிறது, வருகிற வழியில் ஒரு மலைக்கோயில் இருக்கிறது, காத்திருக்கிற வீடும் இருக்கிறது. சந்திப்பு முடிந்ததும் நேரே பஸ் ஏறிவிடாமல், அம்மா அப்பாவை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!

(கட்டுரையாளர் பொறியாளர்; நம் கல்லூரியின் முன்னாள் மாணவர்.)