பற்சொத்தையும் அடைப்பும்: ஜி. வி. பிளாக்கின் வாழ்க்கை உணர்த்துவது

சொத்தைப் பல்லை அடைத்துக்கொள்ளுமாறு பல் மருத்துவர் உங்களுக்கோ உங்கள் குடும்பத்தாருக்கோ அறிவுறுத்தியிருக்கலாம். அச்சிகிச்சையின் அடிப்படை விதிகளை வகுத்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கப் பல் மருத்துவர் கிரீன் வார்டிமன் பிளாக். அடைப்பு உங்கள் பல்லுக்கு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அவருடைய வாழ்க்கையின் வழியே நீங்கள் அறிந்துகொள்ளலாம்.

இளமையும் பயிற்சியும்

பிளாக் 1836 ஆகஸ்ட் 3 அன்று இல்லினாய் மாநிலத்தின் வின்செஸ்டர் நகருக்கு அருகே பிறந்து, பண்ணையில் வளர்ந்தார். 17ஆம் வயதில், மருத்துவரான தம் சகோதரரிடம் மருத்துவம் கற்கத் தொடங்கினார். 1857இல் மவுண்ட் ஸ்டெர்லிங் என்னும் ஊரில் ஒரு பல் மருத்துவரிடம் உடனிருந்து தொழில் பயின்றார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒன்றியப் படையில் பணியாற்றிய பின், 1864இல் ஜாக்சன்வில் நகரில் குடியேறிப் பல் மருத்துவம் செய்தார்.

அக்காலத்தில் அடைப்பின் தரம், செய்பவரின் கைத்திறனையே சார்ந்திருந்தது. தங்கத் தகடு நன்கு நிலைத்தது. ஆனால் விலை மிகுதி. வெள்ளியுடன் பாதரசம் கலந்த மலிவான அடைப்புகள், இறுகும்போது சில சுருங்கின, சில விரிந்தன. சுருங்கினால் ஓரத்தில் இடைவெளி விழுந்து மீண்டும் சொத்தை தோன்றும். விரிந்தால் பல்லுக்கு அழுத்தம் ஏற்படும். இக்கலவையைப் பயன்படுத்துவதில்லை என உறுப்பினர்களிடம் உறுதிமொழி கேட்கும் அளவுக்கு, 1840களில் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் ஒன்று இதை எதிர்த்தது.

அளந்து பார்த்த மருத்துவர்

பிளாக் இவ்வழக்கில் எந்தப் பக்கமும் சேராமல் அளவீட்டில் இறங்கினார். மனிதர் கடிக்கும் விசையை அளக்கவும், அடைப்பு எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்று கணிக்கவும் கருவிகளை உருவாக்கினார். 1890களின் நடுப்பகுதியில், வெள்ளியும் வெள்ளீயமும் எந்த விகிதத்தில் சேர்ந்தால் கலவை சுருங்காமலும் விரியாமலும் இறுகும் என்பதை ஆய்ந்து வெளியிட்டார். அந்த அடிப்படையில் அமைந்த அமால்கம் கலவைகள் சுமார் 70 ஆண்டுகள் வழக்கில் இருந்தன.

அதே காலத்தில் அவர் மற்றொரு நம்பிக்கையையும் சோதித்தார். பல்லில் சுண்ணாம்புச் சத்து குறைந்து பல் மென்மையாவதால்தான் சொத்தை வருகிறது என்று பலர் எண்ணினர். பற்களின் அடர்த்தியையும் உப்புகளின் அளவையும் அளந்த பிளாக், சொத்தை வருவதற்கும் வராமல் இருப்பதற்கும் அவ்வேறுபாடு காரணமன்று எனக் கண்டார். பல்லின் மேல் ஒட்டிக்கொள்ளும் கூழ் போன்ற நுண்ணுயிர்ப் படலத்தை விளக்கியவர்களுள் அவரும் ஒருவர். நம் ஊரில் சொத்தைப் பல்லைப் பூச்சிப்பல் என்கிறோம். பல்லை அரிப்பது பூச்சியன்று. அப்படலத்தில் வாழும் நுண்ணுயிர்கள் நாம் உண்ணும் இனிப்பையும் மாவுச்சத்தையும் அமிலமாக்குகின்றன. அந்த அமிலமே பல்லைக் கரைக்கிறது. ஆகவே, பிறவியிலேயே என் பற்கள் சொத்தை என்று நீங்கள் மனம் தளர வேண்டியதில்லை.

இன்றும் வழங்கும் வகைப்பாடு

பிளாக் 1897 முதல் இறக்கும் வரை சிகாகோவில் உள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பல் மருத்துவக் கல்லூரியின் தலைவராக இருந்தார். 1908இல் பல் அடைப்பு முறைகளை இரண்டு தொகுதிகளாக எழுதி வெளியிட்டார். சொத்தை தோன்றும் இடத்தைக் கொண்டு அதை அவர் ஐந்து வகுப்புகளாகப் பிரித்திருந்தார். உங்கள் சிகிச்சைக் குறிப்பில் வகுப்பு 1 என்றிருந்தால், பல்லின் குழிகளிலும் பிளவுகளிலும் சொத்தை உள்ளது என்று பொருள். வகுப்பு 2 என்பது கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடும் பக்கங்களைக் குறிக்கும். வகுப்பு 3, 4 ஆகியவை முன்பற்களின் பக்கங்களைக் குறிக்கும். கடிக்கும் முனையும் சிதைந்திருந்தால் அது வகுப்பு 4. ஈறை ஒட்டிய பகுதியில் தோன்றுவது வகுப்பு 5.

அவர் வகுத்த விதிகளுள் ஒன்று இன்று மாறிவிட்டது. மீண்டும் சொத்தை வரக்கூடிய அருகிலுள்ள நலமான பகுதியையும் சேர்த்து அகற்ற வேண்டும் என்று அவர் கற்பித்தார். அக்கால அடைப்புப் பொருள்கள் பல்லோடு ஒட்டாதவை. எனவே பள்ளத்தின் வடிவமே அவற்றைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. இன்று பல்லோடு ஒட்டும் காம்போசிட், கண்ணாடி அயனோமர் போன்ற பொருள்கள் உள்ளமையால், மருத்துவர்கள் சொத்தைப் பகுதியை மட்டும் அகற்றி நலமான பல்லைக் காக்க முயல்கின்றனர். சொத்தை சிறிதாக இருக்கும்போதே நீங்கள் சென்றால் இழக்கும் பல்லும் குறைவு.

இறுதி ஆண்டுகளின் தேடல்

அடைப்பை இவ்வளவு செம்மையாக்கிய பிளாக், தம் இறுதி ஆறு ஆண்டுகளில் வேறொரு கேள்வியைத் தொடர்ந்தார். கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் பலருடைய பற்களில் பழுப்புக் கறை இருப்பதைப் பல் மருத்துவர் பிரெடரிக் மெக்கே கண்டிருந்தார். 1909 முதல் பிளாக் அவருடன் சேர்ந்து ஆராய்ந்தார். பற்கள் உருவாகும் குழந்தைப் பருவத்திலேயே கறை ஏற்படுகிறது என்றும், கறை படிந்த அப்பற்களில் சொத்தை வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு என்றும் இருவரும் அறிந்தனர். காரணம் தெரியுமுன், 1915 ஆகஸ்ட் 31 அன்று பிளாக் காலமானார். குடிநீரில் மிகுந்திருந்த ஃபுளோரைடே காரணம் என்பது 1931இல் கண்டறியப்பட்டது.

மிகுந்தால் கறையும், அளவோடு இருந்தால் பாதுகாப்பும் தருவது ஃபுளோரைடு. இன்று நீங்கள் பயன்படுத்தும் ஃபுளோரைடு பற்பசையின் பின்னணி இதுவே. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதால், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் செயல்படுத்தப்பட்டது. இத்தகைய பகுதியில் வாழ்ந்தால், குழந்தைகளுக்கான பற்பசை குறித்து மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

அடைப்பு, இழந்த பகுதியை ஈடு செய்யும். சொத்தையின் காரணத்தை நீக்காது. பராமரிப்பு இல்லையெனில் அடைப்பின் ஓரத்திலேயே மீண்டும் சொத்தை தோன்றலாம். நாளுக்கு இருமுறை ஃபுளோரைடு பற்பசையால் பல் துலக்குங்கள். இடையிடையே இனிப்பு உண்பதைக் குறையுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி மணியளவு பற்பசை போதும். மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும்.

குளிர்ச்சியோ இனிப்போ பட்டால் கூச்சம், கரும்புள்ளி, உணவு சிக்குதல் ஆகியவை தோன்றினால், வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம். சொத்தை பற்கூழை எட்டிவிட்டால் அடைப்பு மட்டும் போதாது. வேர் சிகிச்சையோ பல்லை அகற்றுவதோ தேவைப்படலாம்.

அடைத்த பின் சில நாள் இலேசான கூச்சம் இருப்பது இயல்பு. கடிக்கும்போது வலி நீடித்தாலோ, அடைப்பு உயரமாகத் தோன்றினாலோ மருத்துவரிடம் மீண்டும் செல்லுங்கள். பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க, 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கைப்படி நாடுகள் அமால்கத்தைப் படிப்படியாகக் குறைத்து வருகின்றன. ஆயினும், நல்ல நிலையிலுள்ள பழைய அமால்கம் அடைப்பை அச்சத்தால் மட்டும் அகற்ற வேண்டியதில்லை. உங்கள் பல் மருத்துவரின் ஆலோசனைப்படி முடிவெடுங்கள்.