சுப்பாராவ் பட்ட கடன்

ஆய்வுக்கூடத்தில் நாம் செய்யும் சோதனைகள் சிலவற்றிற்கு மனிதர்களின் பெயர் உண்டு. பெயரைச் சொல்கிறோம், சோதனையைச் செய்கிறோம், மதிப்பெண்ணைப் பெறுகிறோம். பெயருக்கு உரியவர் எந்த ஊரார், என்ன பாடுபட்டார் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

பிஸ்கே–சுப்பாராவ் முறை என்பது அத்தகைய ஒரு சோதனை. இரத்தத்திலோ தசையிலோ பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அறிய அது உதவுகிறது. மாலிப்டேட் கரைசலைச் சேர்த்து, மற்றொரு மருந்தையும் சேர்த்தால், குழாயில் மெல்ல மெல்ல நீல நிறம் படர்கிறது. நிறம் எவ்வளவு ஆழமோ பாஸ்பரஸ் அவ்வளவு மிகுதி. முதுகலை வகுப்பில் இந்த நீலத்தை நான் பல முறை கண்டிருக்கிறேன். அந்தப் பெயரின் இரண்டாம் பாதி, சென்னையில் படித்து, கடன்பட்டுக் கப்பலேறிய ஒரு மாணவருடையது என்பதை மிகவும் பிந்தித்தான் அறிந்தேன். அறிந்த நாள்முதல் அவர் வரலாறு என்னை விடவில்லை. அதனை நம் சங்க மலரில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தாய்மொழி தெலுங்கு. குடும்பம் எளிய குடும்பம். பதின்மூன்று வயதில், காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் ஈட்டலாம் என்று வீட்டைவிட்டுப் புறப்பட்டுவிட்டார். வழியிலேயே பிடித்து அழைத்து வந்தார்கள். படிப்பிலும் அவர் முதல்வராக விளங்கவில்லை. பள்ளியிறுதித் தேர்வில் இரண்டு முறை தோற்றார். சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாம் முறை தேறினார். தேர்வில் ஒரு முறை தவறினாலே உலகம் முடிந்தது என்று கலங்கும் தோழர்கள் இதனை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பிறகு மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்புப் படித்தார். அக்காலத்தில் அவர் உள்ளம் துறவை நாடியது. இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்துவிட எண்ணினார். தாயார் இசையவில்லை. மக்களுக்குத் தொண்டு செய்ய மருத்துவமும் ஒரு வழி என்று தெளிந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1919இல் சேஷகிரி என்னும் பெண்ணை மணந்தார். படிப்பதற்கு மாமனாரும் நண்பர்களும் பொருள் தந்து உதவினார்கள்.

அது காந்தியடிகள் அந்நியத் துணியை விலக்கச் சொன்ன காலம். சுப்பாராவ் அறுவைக்கூடத்தில் அணியும் மேலங்கியையும் கதரில் தைத்து அணிந்துகொண்டார். அறுவை மருத்துவப் பேராசிரியராகிய வெள்ளையருக்கு அது பிடிக்கவில்லை. மற்றப் பாடங்களில் நன்றாக எழுதியும், முழுப் பட்டமாகிய எம்.பி.பி.எஸ். அவருக்குக் கிடைக்கவில்லை. அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. ஒரு முழத் துணிக்காக ஒரு பட்டத்தை இழந்தவர் அவர்.

இதனினும் பெரிய இழப்பு ஒன்று வீட்டிலே நேர்ந்தது. அவருடைய சகோதரர் இருவர், சில நாட்கள் இடைவெளியில், ஸ்புரூ என்னும் குடல் நோய்க்கு இரையானார்கள். உண்ட உணவு உடலில் ஒட்டாமல் கழிந்து போக, இரத்தம் குன்றி, உடல் உருகி இறக்கும் நோய் அது. அன்று அதற்கு மருந்து இல்லை. மருத்துவம் படித்தவர் அருகில் இருந்தும் உடன்பிறந்தாரைக் காக்க இயலவில்லை. அந்தத் துயரம் அவர் நெஞ்சில் ஒரு கடனாக நின்றது.

சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறு கற்பித்துச் சில காலம் கழித்தார். பிறகு அமெரிக்கா சென்று படிக்க முடிவு செய்தார். மாமனார் மீண்டும் பொருள் தந்தார். அறநிலையத்தின் உதவியும் கிட்டியது. சில ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தோடு, கருவுற்றிருந்த மனைவியை விட்டுப் பிரிந்து, 1920களின் தொடக்கத்தில் பாஸ்டன் நகரை அடைந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பநாட்டு மருத்துவம் படிக்க இடம் இருந்தது, உதவித்தொகை இல்லை. ஆகவே மருத்துவமனை ஒன்றில் இரவுநேர ஊழியராக வேலை பார்த்தார். நோயாளிகளின் மலஜலக் கலங்களைக் கழுவுவதும் அந்த வேலையில் அடக்கம். இரவெல்லாம் அந்தப் பணி, பகலெல்லாம் படிப்பு. பிறந்த ஆண் மகவைத் தந்தை காணவே இல்லை. அது பச்சிளம் பருவத்திலேயே இறந்துபோயிற்று.

பட்டயம் பெற்றபின், அங்கேயே உயிர்வேதியியல் துறையில் சைரஸ் பிஸ்கே என்பவரிடம் ஆராய்ச்சி மாணவரானார். நான் மேலே சொன்ன நீல நிறச் சோதனை 1925இல் வெளிவந்தது. ஒரு கருவி கையில் வந்தால் அதுவரை தெரியாத பொருள்கள் கண்ணுக்குத் தெரியத் தொடங்குமல்லவா? அப்படித்தான் நடந்தது. தசையில் உள்ள பாஸ்பரஸை அளந்தபோது கணக்கு நேராக வரவில்லை; நீல நிறம் எதிர்பார்த்தபடி தோன்றாமல் நேரம் செல்லச் செல்ல ஆழமாகிக்கொண்டே போயிற்று. சோதனை பிழைபட்டது என்று குழாயைக் கொட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. தசைக்குள் எளிதில் சிதையும் ஒரு பாஸ்பரஸ் பொருள் ஒளிந்திருக்கிறது என்று கண்டு, அதனைப் பிரித்தெடுத்தார்கள். அதுவே பாஸ்போகிரியாட்டின். ஆண்டு 1927.

இதன் அருமையை உணர, அக்காலத்து அறிவு நிலையைச் சிறிது அறிய வேண்டும். தசை சுருங்குவதற்கான ஆற்றல் லாக்டிக் அமிலம் உண்டாவதிலிருந்து வருகிறது என்றே அறிஞர்கள் கருதியிருந்தனர். தசையின் உடலியலை ஆராய்ந்த ஹில், மேயர்ஹாப் என்னும் இருவருக்கு 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு வழங்கப்பட்டிருந்தது. பாஸ்போகிரியாட்டின் வந்தபின் அந்தக் கருத்து ஆட்டங்கண்டது. 1930இல் லுண்ட்ஸ்கார்டு என்னும் டென்மார்க் அறிஞர், லாக்டிக் அமிலம் உண்டாகாத நிலையிலும் தசை சுருங்குவதைக் காட்டினார். அதற்கு முன்பே, 1929இல், பிஸ்கேயும் சுப்பாராவும் தசையிலிருந்து மற்றொரு பொருளைப் பிரித்து வெளியிட்டிருந்தார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதனைக் கண்டார். அதுதான் அடினோசின் டிரைபாஸ்பேட். நாம் சுருக்கமாக ஏ.டி.பி. என்று சொல்வது.

ஏ.டி.பி.யை உயிரணுவின் நாணயம் என்று பாடநூல்கள் கூறும். உணவிலிருந்து பெறும் ஆற்றலை உயிரணு இந்த நாணயமாக மாற்றி வைத்துக்கொண்டு, வேண்டும்போது செலவிடுகிறது. பாஸ்போகிரியாட்டின் அவசரத்திற்குக் கைகொடுக்கும் சேமிப்பு. ஓட்டக்காரன் புறப்பட்ட முதல் சில வினாடிகளில் அவன் தசைக்கு உதவுவது இந்தச் சேமிப்பே. ஒரு மனிதன் ஒரு நாளில் உண்டாக்கிச் செலவிடும் ஏ.டி.பி., ஏறத்தாழ அவன் உடல் எடை அளவு வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

பொம்மனஹள்ளியில், ஓசூர்ச் சாலையை ஒட்டிய ஒரு சிறு வீட்டில் இருந்து இதனை எழுதுகிறேன். தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பம் எங்களுடையது. என் தாயார் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின்முன் நாள் முழுவதும் அமர்ந்திருக்கிறார். மாலையில் வந்து தோளைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்வார். நான் எதிரே அமர்ந்து, தசை உயிரணு ஆற்றலைச் செலவிடும் விதத்தைப் படித்துக்கொண்டிருப்பேன். என் படிப்புக்கான ஆற்றல் எந்தத் தோளிலிருந்து வருகிறது என்பதை எந்தப் பாடநூலும் சொல்லவில்லை. எனினும் எனக்குத் தெரியும். சுப்பாராவின் வரலாறு என்னை விடாமைக்குக் காரணம் அதுதான்.

1930இல் அவர் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றார். அதன் பின்னும் பத்து ஆண்டுகள் அங்கே உழைத்தார். ஆனால் நிலையான பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. முறைக்கும் கண்டுபிடிப்புக்கும் முன்னே நின்றது ஆசிரியரின் பெயர். தன்னை முன்னிறுத்திக்கொள்ளும் இயல்பும் சுப்பாராவிடம் இல்லை. 1940இல் பல்கலைக்கழகத்தை விட்டு, நியூயார்க் மாநிலத்து பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, விரைவில் அதன் ஆராய்ச்சித் தலைவரானார்.

பழைய கடனைத் தீர்க்கும் வாய்ப்பு அங்கேதான் வந்தது. ஈரலிலும் ஈஸ்டிலும் இரத்தச் சோகையைத் தீர்க்கும் ஏதோ ஒரு சத்து இருப்பது தெரிந்திருந்தது. பம்பாயில் கருவுற்ற ஏழைப் பெண்களின் இரத்தச் சோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் அம்மையார், 1930களின் தொடக்கத்திலேயே அதற்கு வழிகாட்டியிருந்தார். சுப்பாராவின் குழுவினர் அச்சத்தினைப் பிரித்து, அதன் அமைப்பை அறிந்து, 1945இல் செயற்கையாகவே செய்துவிட்டார்கள். அதுவே ஃபோலிக் அமிலம். ஸ்புரூ நோயாளிகளுக்கு அதனைக் கொடுத்தபோது அவர்கள் இரத்தம் ஊறித் தேறினார்கள். சகோதரர் இருவரையும் கொண்டுபோன நோய்க்கு மருந்து, அவருடைய ஆய்வுக்கூடத்திலிருந்தே வந்தது! இன்று நம் நாட்டில் கருவுற்ற தாய்மார்க்கு இரும்புச் சத்தோடு சேர்த்துக் கொடுக்கும் மாத்திரையில் இருப்பதும் இதுவே.

அத்துடன் நிற்கவில்லை. 1947இல் யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்களுக்கு எதிரான டை எதில் கார்பமசின் அவர் குழுவிலிருந்து வந்தது. 2004 முதல் இந்தியாவில் நோய் கண்ட மாவட்டங்களில் ஆண்டுதோறும் வீடுவீடாகக் கொடுக்கப்பட்ட மாத்திரை அது. ஃபோலிக் அமிலத்தைப் போன்ற தோற்றமும் அதற்கு மாறான செயலும் உடைய பொருள்களையும் அவர்கள் செய்தார்கள். அவற்றுள் ஒன்றாகிய அமினோப்டெரினைக் கொண்டு, பாஸ்டனில் சிட்னி பார்பர் என்னும் மருத்துவர், இரத்தப் புற்றுநோயால் வாடிய குழந்தைகள் சிலருக்குத் தற்காலிகமாகவேனும் நோய் தணியக் கண்டு 1948இல் வெளியிட்டார். அதன் உடன்பிறப்பாகிய மெதோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டு வாதத்திற்கும் பயன்படுகிறது. டெட்ராசைக்கிளின் இனத்தின் முதல் மருந்தாகிய ஆரியோமைசினை டக்கர் கண்டதும் சுப்பாராவ் தலைமை வகித்த அந்த ஆய்வுக்கூடத்திலேதான். அதுவும் 1948இல் வெளிவந்தது.

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஓர் இரவு உறங்கச் சென்றவர் விழிக்கவில்லை. மாரடைப்பு. வயது ஐம்பத்து மூன்று. நாடு விடுதலை பெற்று ஓர் ஆண்டே ஆகியிருந்தது. பீமவரத்தையோ சென்னையையோ அவர் மீண்டும் காணவில்லை.

1953இல் ஒரு பூஞ்சைக்கு அவர் நினைவாக சுப்பாரோமைசிஸ் என்று பெயரிட்டார்கள். 1995இல், பிறந்த நூற்றாண்டில், இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. பெயர் மறைந்து போகவில்லை. இந்த மட்டும் மகிழ்ச்சியே. ஆனால் இந்த வரலாற்றை எழுதும்போது என் மனம் சேஷகிரி அம்மையாரிடமே மீண்டும் மீண்டும் செல்கிறது. தந்தையார் கொடுத்த பொருள் கணவரின் படிப்பாயிற்று. பிறந்த குழந்தை மண்ணுக்குப் போயிற்று. சில ஆண்டுகள் என்று தொடங்கிய பிரிவு வாழ்நாள் பிரிவாயிற்று. உலகம் அவர் கணவருக்குக் கடன்பட்டது. கணவர் அவருக்குப் பட்ட கடன் தீரவே இல்லை. சுப்பாராவைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. பெரியோர் வரலாற்றில் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் படிப்பது அறிவியல் மாணவர்க்கு அழகன்று.

தோழர்களே, நம்மில் பலர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறோம். என்னையும் சேர்த்தே சொல்கிறேன். போவோம். சோதனை பிழைபட்டது போலத் தோன்றும்போது குழாயைக் கொட்டாமல் காத்திருக்கும் பொறுமையை அவரிடம் கற்போம். பெயர் முன்னே வந்தாலும் பின்னே வந்தாலும் வேலையைச் செய்வோம். அத்துடன், நம்மை அனுப்பிவைத்துவிட்டு வாசலில் நிற்பவர்களின் கணக்கையும் ஒரு தாளில் எழுதி, பெட்டிக்குள் வைத்துக்கொள்வோம். ஃபோலிக் அமிலம் தீர்க்க முடியாத அந்தக் கடனை, ஊருக்குத் திரும்பும் ஒரு பயணச் சீட்டாவது சிறிது தீர்க்கும்.