எலிகு யேல்

எலிகு யேல் (ஏப்ரல் 5, 1649 – சூலை 8, 1721) ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் வணிகரும், 1687 முதல் 1692 வரை சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராகப் பதவி வகித்தவரும் ஆவார். வட அமெரிக்காவில் இருந்த ஆங்கிலேயக் குடியேற்றம் ஒன்றில் பிறந்த இவர், மூன்று வயதில் அங்கிருந்து அழைத்து வரப்பட்ட பின் தம் வாழ்நாளில் அமெரிக்காவுக்குத் திரும்பவே இல்லை. ஆயினும் ஐக்கிய அமெரிக்காவின் புகழ்பெற்ற யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரையே தாங்கி நிற்கிறது. இவருடைய குடும்ப வரலாறு வேல்ஸ், நியூ இங்கிலாந்து, சென்னை, இலண்டன் ஆகிய நான்கு இடங்களின் ஆவணங்களிலும் கல்வெட்டுகளிலும் சிதறிக் கிடக்கிறது.

குடும்ப வேர்கள்

யேல் குடும்பத்தினர் வேல்ஸ் நாட்டின் வடபகுதியைச் சேர்ந்த டென்பிசயரில் வாழ்ந்த நிலவுடைமையாளர்கள். ரெக்சம் நகருக்கு மேற்கே உள்ள இயால் என்னும் மலைப்பகுதியில் இவர்களது பூர்வீக மாளிகையான பிளாஸ்-அன்-இயால் அமைந்திருந்தது. இயால் என்ற ஊர்ப்பெயரே ஆங்கில ஒலிப்பில் யேல் என மருவிக் குடும்பப் பெயராயிற்று.

வேல்ஸ் மக்களிடையே பதினாறாம் நூற்றாண்டு வரை நிலையான குடும்பப் பெயர் இடும் வழக்கம் பரவலாக இல்லை. தமிழர் தந்தையின் பெயரை முன்னெழுத்தாக இடுவதைப் போல, அவர்கள் மகன் என்று பொருள்படும் அப் என்ற சொல்லை இடையில் வைத்துத் தந்தை பெயரையும், அவருடைய தந்தை பெயரையும் அடுக்கி எழுதினர். இதனால் தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறியது. யேல் குடும்பத்தின் குடிவழியை ஆராய்ந்தவர்களுக்கு இது பெரும் இடராக இருந்தது. எனினும், நிலவுரிமைப் பத்திரங்களையும் வேல்ஸ் குடிவழிப் பட்டியல்களையும் ஒப்பிட்டு அவர்கள் பல தலைமுறைகளை வரிசைப்படுத்தினர்.

அமெரிக்கக் குடியேற்றம்

எலிகு யேலின் பாட்டி ஆன், செஸ்டர் பேராயராக இருந்த ஜார்ஜ் லாயிட் என்பவரின் மகள். இவர் தம் கணவர் தாமஸ் யேல் இறந்தபின் இலண்டன் வணிகரான தியோபிலஸ் ஈட்டனை மணந்தார். 1637 ஆம் ஆண்டில் ஈட்டன் தூய்மையாளர் குழு ஒன்றுடன் கப்பலேறி பாஸ்டன் நகரை அடைந்தார். ஆனும் முதல் திருமணத்தில் பிறந்த அவருடைய பிள்ளைகளும் உடன் சென்றனர். மறு ஆண்டில் இக்குழுவினர் நியூ ஹேவன் குடியேற்றத்தை நிறுவினர். ஈட்டன் அதன் முதல் ஆளுநரானார்.

புதிய மண்ணில் இக்குடும்பத்தின் வாழ்க்கை அமைதியாக அமையவில்லை. குழந்தைத் திருமுழுக்கு குறித்து மாறுபட்ட கருத்துக் கொண்டிருந்த ஆன், ஆளுநரின் மனைவியாக இருந்தும் நியூ ஹேவன் திருச்சபையால் விசாரிக்கப்பட்டு விலக்கி வைக்கப்பட்டார். அவருடைய மகனும் எலிகுவின் தந்தையுமான டேவிட் யேல் நியூ ஹேவனை விட்டு நீங்கி பாஸ்டனில் வணிகம் செய்தார். தூய்மையாளர் திருச்சபையைச் சேராதோருக்கும் வாக்குரிமை வேண்டும் என்று 1646 இல் மாசச்சூசெட்ஸ் அரசுக்கு அளிக்கப்பட்ட விண்ணப்பத்தில் கையொப்பமிட்ட எழுவரில் இவரும் ஒருவர். இதற்காக இவர்களுக்குத் தண்டம் விதிக்கப்பட்டது.

டேவிட் யேலுக்கும் உர்சுலா நைட்டுக்கும் மகனாக எலிகு 1649 இல் பாஸ்டனில் பிறந்தார். சில ஆண்டுகளில் டேவிட் தம் குடும்பத்துடன் இங்கிலாந்துக்குத் திரும்பினார். ஆனால் டேவிட்டின் உடன்பிறந்தாரான தாமஸ் யேல் நியூ ஹேவன் பகுதியிலேயே தங்கிவிட்டார். அமெரிக்காவில் யேல் என்ற பெயருடன் பெருகிய குடும்பங்கள் பெரும்பாலும் தாமசின் வழிவந்தவையே. பூட்டுகளுக்குப் பெயர்பெற்ற லைனஸ் யேலும் இவ்வழியினர்.

சென்னை வருகை

எலிகு யேல் இலண்டனில் கிழக்கிந்தியக் கம்பனியில் எழுத்தராகச் சேர்ந்து, 1672 ஆம் ஆண்டு சூன் மாதத்தில் சென்னை வந்து சேர்ந்தார். அக்காலத்தில் எழுத்தருக்கு ஆண்டுச் சம்பளம் 10 பவுன் மட்டுமே. கம்பனி ஊழியர்கள் ஆசியத் துறைமுகங்களுக்கிடையே சொந்தக் கணக்கில் வணிகம் செய்ய இசைவு இருந்ததால், அவர்களுடைய உண்மையான வருவாய் அதிலிருந்தே கிடைத்தது. துணியும் கோல்கொண்டா வைரமும் யேலுக்குச் செல்வம் ஈட்டித் தந்தன. படிப்படியாகப் பதவி உயர்வு பெற்ற இவர் கோட்டையின் ஆட்சிக் குழுவில் இடம்பெற்றார்.

திருமணமும் பிள்ளைகளும்

கோட்டைக்குள் ஆளுநர் ஸ்டிரெய்ன்ஷாம் மாஸ்டர் காலத்தில் கட்டப்பட்ட புனித மரியாள் தேவாலயம் 1680 அக்டோபர் 28 அன்று அர்ப்பணிக்கப்பட்டது. ஒரு வாரம் கழித்து, நவம்பர் 4 அன்று, எலிகு யேல் அங்கே கேத்தரின் ஹின்மர்சை மணந்தார். அத்தேவாலயத்தின் திருமணப் பதிவேட்டில் முதலாவதாக இடம்பெற்றிருப்பது இத்திருமணமே. 1753 இல் இராபர்ட் கிளைவின் திருமணமும் இதே தேவாலயத்தில் நடைபெற்றது.

கேத்தரின், ஆட்சிக் குழு உறுப்பினராக இருந்து அதே ஆண்டு மே மாதத்தில் இறந்த ஜோசப் ஹின்மர்சின் மனைவி. யேல் இணையருக்கு டேவிட் என்ற மகனும் கேத்தரின், ஆன், உர்சுலா என்ற மூன்று மகள்களும் பிறந்தனர். 1684 இல் பிறந்த டேவிட் நான்கு வயது நிறைவதற்குள் இறந்தான். சிறுவனின் உடல் கோட்டைக்கு வெளியே இருந்த ஆங்கிலேயர் இடுகாட்டில், தாயின் முதல் கணவரான ஹின்மர்சின் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

டேவிட் இறந்த ஆண்டு 1687 என்றும் 1688 என்றும் எழுதப்படுகிறது. இரண்டும் ஒரே சனவரி மாதத்தையே குறிக்கும். 1752 வரை ஆங்கிலேயர் மார்ச் 25 ஆம் நாளையே ஆண்டுத் தொடக்கமாகக் கொண்டிருந்தனர். ஆகவே சனவரியில் நிகழ்ந்த இறப்பு அவர்கள் கணக்கில் முந்தைய ஆண்டிலேயே அடங்கியது. அக்காலக் கோட்டை ஆவணங்களைப் படிப்போர் கவனிக்க வேண்டிய செய்தி இது.

கேத்தரின் 1689 இல் மகள்களுடன் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். பின்னர் யேல், சென்னையில் வைர வணிகம் செய்து இறந்த யூத வணிகர் ஒருவரின் மனைவியான ஜெரோனிமா டி பைவாவுடன் வாழ்ந்தார். இவர்களுக்குச் சார்லஸ் என்ற மகன் பிறந்தான். அவனும் இளமையிலேயே தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைப் பகுதியில் இறந்தான்.

ஆளுநர் பதவிக்காலம்

1684 இல் சில மாதங்கள் பொறுப்பு ஆளுநராக இருந்த யேல், 1687 சூலை 25 அன்று முழுப் பொறுப்பேற்றார். அதே ஆண்டில் கோல்கொண்டா அரசு முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பிடம் வீழ்ந்ததால், சென்னைக் குடியிருப்பு முகலாயரின் மேலாட்சிக்குள் வந்தது.

இவர் காலத்தில், 1688 செப்டம்பர் 29 அன்று, சென்னை மாநகராட்சி தொடங்கி வைக்கப்பட்டது. இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி இதுவாகும். அதன் முதல் மேயரான நத்தானியேல் ஹிக்கின்சனும் நியூ இங்கிலாந்தில் பிறந்தவரே. இவ்வாறு, நகரத்தின் ஆளுநர், மேயர் ஆகிய இரு பதவிகளிலும் ஒரே காலத்தில் அமெரிக்க மண்ணில் பிறந்தவர்கள் அமர்ந்திருந்தனர்.

1690 இல் செஞ்சியிலிருந்து ஆண்ட மராத்திய அரசர் இராஜாராமிடமிருந்து கடலூர் அருகே தேவனாம்பட்டினம் கோட்டையைக் கம்பனி விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு எட்டும் தொலைவு வரையிலான ஊர்களும் விற்பனையில் அடங்கும் என்பது ஒப்பந்தம். அவ்வாறு கிடைத்த ஊர்கள் குண்டு கிராமங்கள் என்று அழைக்கப்பட்டன. கோட்டைக்கு வேல்ஸ் நாட்டின் காவல் புனிதரான டேவிட்டின் பெயர் இடப்பட்டது. யேலின் இறந்த மகனுக்கும் தந்தைக்கும் அதே பெயர்தான்.

அடிமை வணிகம்

1680களில் சோழமண்டலக் கரையில் பஞ்சம் பரவியபோது, வறுமையுற்ற மக்கள் அடிமைகளாக வாங்கப்பட்டுக் கப்பல்களில் ஏற்றப்பட்டனர். அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள செயிண்ட் எலினா தீவிலிருந்த கம்பனியின் தோட்டங்களுக்கும் ஆட்கள் அனுப்பப்பட்டனர். ஐரோப்பா செல்லும் ஒவ்வொரு கப்பலும் குறைந்தது பத்து அடிமைகளைக் கொண்டு செல்ல வேண்டும் என்று முடிவெடுத்த ஆட்சிக் குழுக் கூட்டத்தில் யேலும் இருந்தார். முகலாய அரசின் எதிர்ப்பை முன்னிட்டு 1688 இல் யேல் தலைமையிலான குழுவே சென்னையிலிருந்து அடிமைகளை ஏற்றுமதி செய்வதைத் தடை செய்தது.

யேல் தம் சொந்தக் கணக்கில் அடிமை வணிகம் செய்தாரா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், கம்பனி நடத்திய அவ்வணிகத்தின் மேற்பார்வையில் அவருக்குப் பங்கு இருந்ததைக் கோட்டையின் ஆலோசனைக் குறிப்பேடுகள் காட்டுகின்றன.

பதவி நீக்கமும் இங்கிலாந்து திரும்புதலும்

யேலுக்கும் ஆட்சிக் குழு உறுப்பினர்களுக்கும் இடையே பூசல் முற்றியது. பதவியைப் பயன்படுத்தித் தமக்கும் தம் உடன்பிறந்தார் தாமசுக்கும் ஆதாயம் தேடினார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1692 அக்டோபரில் இவர் நீக்கப்பட்டு, ஹிக்கின்சன் ஆளுநரானார். விசாரணைகளும் வழக்குகளும் நீண்டதால் யேல் மேலும் ஏழு ஆண்டுகள் சென்னையிலேயே தங்க நேர்ந்தது. 1699 இல் பெருஞ்செல்வத்துடன் இங்கிலாந்து திரும்பி, இலண்டனிலும் ரெக்சம் அருகே இருந்த குடும்ப மாளிகையிலும் வாழ்ந்தார். ஓவியங்கள், மணிக்கற்கள் முதலிய கலைப்பொருட்களை ஏராளமாகச் சேர்த்தார்.

வாரிசுத் தேடலும் கல்லூரிக் கொடையும்

ஆண் வாரிசு இல்லாத யேல், தம் சொத்துக்கு உரியவனாக்க எண்ணி, அமெரிக்காவில் தங்கிவிட்ட சிற்றப்பன் தாமசின் வழிவந்த ஓர் இளைஞனை கனெக்டிகட்டிலிருந்து வரவழைக்க முற்பட்டார். அக்குடியேற்றங்களின் முகவராக இலண்டனில் இருந்த ஜெரமையா டம்மர் இதனை அறிந்தார். செல்வரான யேலை அணுகினால் கனெக்டிகட்டில் 1701 இல் தொடங்கப்பட்ட கல்லூரிக்கு உதவி கிடைக்கும் என்று 1711 இல் அதன் அறங்காவலர் ஒருவருக்கு எழுதினார். சென்னையில் இறந்த சிறுவன் உயிருடன் இருந்திருப்பின் இத்தேடலுக்குத் தேவையே ஏற்பட்டிராது.

1718 இல், பாஸ்டன் போதகர் காட்டன் மேதரின் வேண்டுகோளையும் ஏற்று, யேல் ஒன்பது பொதி சரக்குகளையும், 417 நூல்களையும், அரசர் முதலாம் ஜார்ஜின் உருவப்படத்தையும் அனுப்பினார். மஸ்லின், காலிகோ முதலிய துணிகள் அடங்கிய அச்சரக்குகள் ஏறத்தாழ 560 பவுனுக்கு விற்கப்பட்டன. நியூ ஹேவனில் எழும்பிக்கொண்டிருந்த கல்லூரிக் கட்டடத்திற்கு யேல் கல்லூரி என்று பெயரிடப்பட்டது. நாளடைவில் அப்பெயர் நிறுவனம் முழுமைக்கும் உரியதாயிற்று. 1887 இல் அது யேல் பல்கலைக்கழகம் ஆனது.

இறப்பு

எலிகு யேல் 1721 சூலை 8 அன்று இலண்டனில் இறந்தார். அவர் செல்லத்தக்க உயில் எதையும் விட்டுச் செல்லாததால், அவரிடமிருந்து மேலும் பொருளுதவியை எதிர்பார்த்திருந்த கல்லூரிக்கு எதுவும் கிடைக்கவில்லை. அவர் சேர்த்த பொருட்கள் தொடர் ஏலங்களில் விற்கப்பட்டன. உடல் ரெக்சம் புனித கைல்ஸ் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் தொடர்பு கொண்டிருந்த கண்டங்களை அங்குள்ள கல்லறைப் பாடல் வரிசைப்படுத்திக் கூறுகிறது.

ஆவணங்களும் குடிவழி ஆய்வும்

யேல் குடும்பத்தின் குடிவழியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் பலர் ஆராய்ந்தனர். 1908 இல் ராட்னி ஹொரேஸ் யேல் வெளியிட்ட குடிவழி நூல் வேல்ஸ் முன்னோரையும் அமெரிக்கக் கிளைகளையும் விரிவாகத் தொகுத்தது. 1939 இல் ஹைரம் பிங்கம் எலிகு யேலின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார்.

யேலின் வாழ்வில் ஏறக்குறைய 27 ஆண்டுகள் சென்னையில் கழிந்தமையால், அக்காலப் பகுதிக்குச் சென்னை ஆவணங்களே முதன்மைச் சான்றுகள். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் புனித ஜார்ஜ் கோட்டையின் பதினேழாம் நூற்றாண்டு ஆவணங்கள் பாதுகாக்கப்படுகின்றன. கோட்டையின் குறிப்பேடுகள் பல பின்னாளில் அச்சிலும் வெளிவந்தன. 1913 இல் வெளியான ஹென்றி டேவிசன் லவ்வின் பழைய சென்னை பற்றிய நூலும் இவற்றை அடிப்படையாகக் கொண்டதே.

இவ்வாவணங்கள் எல்லோரையும் ஒரே வகையில் பதிவு செய்யவில்லை. ஒரு குடும்பத்தின் திருமணம், பிறப்பு, இறப்பு ஆகியவற்றை நாள் குறித்துக் கூறும் அதே ஏடுகளில், விற்கப்பட்ட தமிழ், தெலுங்கு மக்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாக மட்டுமே காணப்படுகின்றனர். யேலும் உறவினரும் மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பதைக் காட்டும் ஏறத்தாழ 1719 ஆம் ஆண்டு ஓவியம் ஒன்றில், கழுத்தில் உலோக வளையம் பூட்டப்பட்ட சிறுவன் ஒருவன் நிற்கிறான். அமர்ந்திருப்போரின் அடையாளங்கள் ஆராயப்பட்டுள்ளன. அச்சிறுவனின் பெயர் கிடைக்கவில்லை. யேல் பல்கலைக்கழகத்தின் பிரித்தானியக் கலை மையத்தில் உள்ள இவ்வோவியம் 2020 இல் காட்சியிலிருந்து அகற்றப்பட்டது. அச்சிறுவனைப் பற்றிய ஆய்வுக்குப் பின், புதிய விளக்கக் குறிப்புடன் மீண்டும் வைக்கப்பட்டது. அடிமை முறையுடன் தனக்கிருந்த தொடர்புகளுக்காகப் பல்கலைக்கழகம் 2024 இல் முறைப்படி மன்னிப்புக் கோரியது.

நினைவுச் சின்னங்கள்

டேவிட் அடக்கம் செய்யப்பட்ட பழைய இடுகாட்டின் கல்லறைகள், 1758–59 இல் பிரெஞ்சுப் படையினர் கோட்டையை முற்றுகையிட்டபோது அவர்களுக்கு மறைவிடமாகப் பயன்பட்டன. எனவே முற்றுகைக்குப் பின் அவை இடிக்கப்பட்டு, எழுத்துப் பொறித்த கற்கள் புனித மரியாள் தேவாலய முற்றத்திற்குக் கொண்டு செல்லப்பட்டன. ஹின்மர்ஸ் கல்லறையின் கூர்நுனித் தூணும் மற்றொரு குடும்பக் கல்லறையும் மட்டுமே பழைய இடத்தில் எஞ்சின. பின்னாளில் அவ்விடம் அரசினர் சட்டக் கல்லூரி வளாகமாயிற்று.

இக்கல்லறை 1921 இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது. இதற்குத் தொல்லியல் சிறப்போ கலைச் சிறப்போ இல்லை எனக் கருதிய சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, 2023 இல் இதனை வேறிடத்திற்கு மாற்ற ஆணையிட்டார். நியூ ஹேவனில் பல்கலைக்கழக வளாகத்துக் கோபுரம் ஒன்று, யேல் அடக்கம் செய்யப்பட்ட ரெக்சம் தேவாலயத்தின் கோபுரத்தை ஒத்து எழுப்பப்பட்டு ரெக்சம் கோபுரம் என்றே அழைக்கப்படுகிறது.