ஆசான் றஹீம்

கல்முனைக் கரையோர மைதானங்களிலே நரைத்த தலையும் விசிலுமாய் நிற்போரைக் கண்டு, இவர் எப்போது ஓய்வார் என இளைஞர் வினவுவதுண்டு. அவர்கள் சையத் அப்துல் றஹீமின் வரலாற்றை அறிதல் நன்று.

1909இல் பிறந்த இவர் ஐதராபாத்திலே பள்ளி ஆசிரியராயிருந்தவர். எம் தொழிலினர் என்பதில் எமக்குப் பெருமையுண்டு. 1950 தொடக்கம் அந்நகரப் பொலிஸ் அணியைப் பயிற்றினார். இந்திய அணியும் இவர் கைக்கு வந்தது. 1951இல் டில்லியில் ஆசியத் தங்கம். 1956 மெல்பேண் ஒலிம்பிக்கில் நான்காமிடம். அத்துடன் விலகியிருப்பினும் புகழ் குன்றியிராது. விலகினாரல்லர்.

1962இல் புற்றுநோய் உடலை அரிக்க, அணியை ஜகார்த்தாவுக்கு நடத்திச் சென்றார். தலைக்காயத்திற்குத் தையலிட்டிருந்த பின்வரிசை வீரர் ஜர்னெய்ல் சிங்கை முன்வரிசையில் நிறுத்தினார். என்னே துணிவு! செப்டம்பர் 4இல் நடந்த இறுதியாட்டத்தில் அவரும் ஒரு கோல் புகுத்த, தென்கொரியா 2-1 எனத் தோற்றது. 1963 ஜூன் 11இல் றஹீம் மறைந்தார்.

நோயாளர் ஒதுங்கியிருக்கலாமே என்பார்க்கு அத்தங்கமே மறுமொழி. ஆயினும், அவர் ஓயும் நாளையன்றி, அடுத்தவரை அருகில் அமர்த்தும் நாளையே சூழவிருந்தோர் முன்கூட்டிக் குறித்திருத்தல் வேண்டும் என்பது எம் கருத்து. உதைபந்தாட்டத்தில் ஆசியத் தங்கம் இந்தியாவுக்கு அதன்பின் வாய்க்கவில்லை. 1970இல் வெண்கலமே கிட்டிற்று.